ஊதிட்டுப் பேசு

ஜன்னல் பக்கம் நீயே இருந்துக்கம்மா, எனக்குக் காத்து ஆகாது. அந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்கிடுதேன், உள்ள வேதப்புத்தகம் இருக்கு. எங்க, சாத்தூரா? சரி, சாத்தூர் வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு. நான் மதுரைக்குப் போறேன், மக வீட்டுக்கு. எப்ப திரும்புவேன்னு கேக்காத. மகன் வந்து கூப்பிட்டாத்தான் திரும்புவேன். கூப்பிடுவான். இன்னும் போன் வரலை. டவர் கிடைச்சிருக்காது.

எம் பேரு ஞானசுந்தரி. ஊரு மேய்ப்பன்விளை. கேள்விப்பட்டிருக்க மாட்ட, திருச்செந்தூர் ரோட்டுல இருந்து உள்ள போகணும். எம் மகன்தான் அங்க பஞ்சாயத்துத் தலைவர். பேரு லேமுவேல். நீ வேதம் வாசிக்கிற பிள்ளையா? இல்லையா, பரவாயில்லை, சொல்லுதேன். வேதத்துல, பைபிள்லதான், லேமுவேல்னு ஒரு ராஜா இருக்கான். அவனுக்கு அவன் தாயார் புத்தி சொல்லுதா. மகனே, நீ ராஜா, உனக்குக் குடி ஆகாது, குடிச்சா சட்டதிட்டம் மறந்து போகும், எளியவன் நியாயத்தைப் புரட்டிப் போட்டிருவேங்கா. நான் அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால கோடு போட்டு வச்சிருக்கேன். வயித்துல இருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன், ஆம்பளப் பிள்ளைன்னா இந்தப் பேருதான்னு.

என்னத்துக்குன்னா, எங்க வீட்டு சார்வாள், அவன் அப்பா, பெரிய கணக்கு வாத்தியார். குடி. தினமும் சாயந்தரம் நடையில நிறுத்தி வாயை மோந்து பாத்த பிறகுதான் உள்ள விடுவேன். ஏலக்காயை மென்னுட்டு வருவாவ, கொய்யா இலையை மென்னுட்டு வருவாவ. எங்கிட்ட நடக்குமா? அப்படிப் பழகின மூக்கும்மா இது. கடைசியில ஈரல் வெந்து போச்சு. சவப்பெட்டியை மூடுறதுக்கு முன்னால மகன் கையைப் பிடிச்சு அவுக நெஞ்சு மேல வச்சுச் சத்தியம் வாங்கினேன். அப்ப அவன் காலேஜ் முடிச்சிட்டு வேலை தேடிக்கிட்டு இருந்தான்.

சத்தியத்தைக் காப்பாத்தினான். அதை எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது. இருமல் மருந்து வாங்கப் போனா பாட்டிலைத் திருப்பித் திருப்பி வாசிப்பான். கிறிஸ்துமஸ் கேக்குல ரம் ஊத்தியிருப்பான்னு பன்னு தின்னுவான். திருவிருந்துல ஐயர் திராட்சரசப் பாத்திரத்தை நீட்டினா உதட்டை இறுக்க மூடிக்கிட்டு ஒத்தி எடுத்துட்டு வந்திருவான். ஐயருன்னா எங்க ஊருல பாதிரியார். அவனுக்குச் சாராய வாடை எப்படி இருக்கும்னே தெரியாதும்மா. அப்படி வளத்திருக்கேன்.

அவனுக்கு முந்தி தலைவரா இருந்தவரு தவமணி அண்ணாச்சி. பெருங்குடிகாரரு. பகல்ல உங்க பேரு என்னன்னு கேட்டா ஒரு பேரு சொல்லுவாரு, பொழுது சாஞ்ச பிறகு கேட்டா வேற பேரு சொல்லுவாரு. கொடியேத்தப் போய்க் கொடிக்கம்பத்தைப் பிடிச்சிக்கிட்டே நின்ன ஆளு அவரு. ஜனங்க கைதட்டுதுன்னு அதுலயே சாஞ்சு தூங்கிட்டாரு.

சிரிக்காத, இதைக் கேளு. ஊருக்குக் கீழ்ப்பக்கம் கீழத்தெருன்னு ஒரு தெரு. கூலி வேலைக்குப் போற ஜனங்க, ஆடு மேய்க்கிற ஜனங்க. அவங்களுக்கு ரோட்டுக்கு வர ஒரே ஒரு வண்டிப்பாதை. பாதைக்குப் பக்கத்துல கோயில்பிச்சைன்னு ஒருத்தருக்குச் செங்கல் சூளை. அவரு ஒருநாள் தவமணியைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு ஊத்திக் கொடுத்து, இந்தப் பாதை புழக்கத்துலயே இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டாரு. மறுநாள் முள்கம்பி வேலி, நடுவுல கேட்டு, கேட்டுக்குப் பூட்டு. கீழத்தெருக்காரன் ரோட்டுக்கு வரணும்னா குளத்துக்கரையைச் சுத்தித்தான் வரணும். மழை பேஞ்சா முழங்கால் வரைக்கும் சேறு. தெளிஞ்ச பிறகு தவமணிகிட்டப் போய்க் கேட்டா, நானா போட்டேன், எங்க போட்டேன்னு முழிக்காரு.

பாத்தியா, வேதம் அப்படியே பலிச்சிட்டுல்ல? குடிச்சான், மறந்தான், எளியவன் நியாயத்தைப் புரட்டினான்!

இதை வச்சுத்தாம்மா எலெக்‌ஷன்ல ஜெயிச்சோம். நான் வேதத்தைக் கையில எடுத்துக்கிட்டு வீடு வீடா ஏறினேன். கோடு போட்ட இடத்தை வாசிப்பேன், மூடுவேன், எம் மகனைக் காட்டுவேன். இவன் வாயை மோந்து பாத்துட்டு ஓட்டுப் போடுங்கன்னேன். கீழத்தெருவுல ஆசீர்னு ஒருத்தன், ஆடு வளக்கிறான். பிறவியிலேயே காது கேக்காது, வாய் பேச வராது. பெஞ்சாதி பூரணம் அவனுக்கும் சேத்துப் பேசுவா. அவங்க வீட்டு முற்றத்துல நின்னு, பாதையை எம் மகன் திறந்து விடுவான்னு வேதத்து மேல கையை வச்சுச் சொன்னேன். பூரணம் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தா. குடிச்சேன், ஏன் பொய் சொல்லணும்? அந்தத் தெருவுல நான் காப்பி குடிச்சதைப் பாத்துட்டுத்தான் பாதி ஓட்டு விழுந்திச்சு.

எம் மகன் பதவிக்கு வந்த உடனே ஊரே மாறிட்டு. ஊதிட்டுப் பேசு, இதுதான் முதல் சட்டம். மனு கொடுக்க வந்தாலும் சரி, தெருவிளக்கு எரியலைன்னு சொல்ல வந்தாலும் சரி, முதல்ல எங்க வீட்டு நடையில நின்னு ஊதணும். வாடை அடிச்சா வந்த வழியே திரும்பிப் போகணும், குறை எதுவா இருந்தாலும் சரி. வாடை பாக்கிறது யாரு? நான்தான். அவனுக்குத்தான் வாடை தெரியாதே! நான் நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். அவுகவுக வந்து குனிஞ்சு எம் முகத்துக்கு நேரா ஊதுவாவ. பூண்டு தின்னவன், சுருட்டுக் குடிச்சவன், பல்லு விளக்காதவன், எல்லாத்தையும் தாங்கினேன். ஊருக்காகத்தானே? நாளாக நாளாக மனு கொடுக்க வாரவங்க எண்ணிக்கையே குறைஞ்சு போச்சு. ஊருல குறையே இல்லாம ஆக்கிட்டான் எம் மகன்.

பாதையா? வாரேன், வாரேன், அதுக்குள்ள என்ன அவசரம்?

பாதையைத் திறக்கணும்னுதான் அவனும் இருந்தான். குடிகாரன்னா எதையும் யோசிக்காம ஒரே இழுப்புல கையெழுத்துப் போட்டிருவான். எம் மகன் நிதானமான பிள்ளை, யோசிச்சான். அதுக்குள்ள கோயில்பிச்சை வீட்டுல இருந்து ஆள் வந்துட்டு. அவுக மக ஜெனிட்டா, பல் டாக்டரு. என்ன நிறம், என்ன அடக்கம்! குடிக்காத மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாளாம். இந்தக் காலத்துல அப்படி எங்க கிடைப்பான்? விளக்கு வச்சுத் தேடினாலும் எங்க வீட்டுல மட்டுந்தான் கிடைப்பான். நானே எம் மகன்கிட்டச் சொன்னேன். "ஐயா, சம்பந்தம் பேசுற நேரத்துல சம்பந்தி வேலியில கைவைக்கப்படாது. கல்யாணம் முடியட்டும், மருமகங்கிற உரிமையில கேட்டா அவுகளே திறந்து விடுவாவ" அப்படின்னேன். தலையாட்டினான். பேச்சை மீறாத பிள்ளை. அப்ப வரைக்கும்.

ஐப்பசி மழை பிடிச்சிட்டு. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் சாயந்தரம், விளக்கு வச்சு நானும் அவனும் குடும்ப ஜெபத்துக்கு உக்காந்திருக்கோம். கதவை யாரோ இடிக்கிற மாதிரி தட்டுதாவ. திறந்தா ஆசீர். உடம்பெல்லாம் சேறு. நிக்க முடியலை, ஆடுதான். கண்ணு சிவந்து கெடக்கு. வாய் வேற கோணிக்கிட்டு ஒரு சத்தம். வயித்தைக் காட்டுதான், கையைத் தலைக்கு மேல தூக்கிச் சுத்துதான், கீழத்தெருப் பக்கம் காட்டுதான், மறுபடி கையைச் சுத்துதான். நீயா இருந்தா என்ன நெனைப்ப? வயித்துல ஊத்தினேன், தலை சுத்துதுன்னு சொல்லுத மாதிரிதானே இருக்கு?

சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எம் மகன் வாயைத் தொட்டுக் காட்டினான், ஊதுன்னு. அவன் ஊதலை. அவன் பாட்டுக்கு வாயைத் திறந்து, கழுத்து நரம்பு தெறிக்கக் கத்துதான். பே பேன்னு. எனக்கே பயமாப் போச்சு.

எம் மகன் என் பக்கம் திரும்பி, "அம்மா?" அப்படின்னான்.

நான் எழுந்து போய் மோந்தேன். சேத்து வாடை. ஆட்டு வாடை. ஆட்டு வாடைதான் தூக்கலா இருந்துச்சு. அந்த வாடைக்குள்ள வேற வாடை ஒளிஞ்சிருக்க முடியாதா என்ன? சார்வாள் ஏலக்காய்க்குள்ள ஒளிச்சு வைக்கலையா? பொழுது விடிஞ்சா நிச்சயதார்த்தம். இவனைக் கூட்டிக்கிட்டு எம் மகன் மழையில கீழத்தெருவுக்குப் போனா, வேலி, கேட்டு, பூட்டுன்னு பேச்சு எங்க போய் முடியும்? நான் தலையை ஆட்டினேன். "அடிக்குதுய்யா"ன்னேன்.

எம் மகன் அவன் தோளைப் பிடிச்சு மெதுவா வாசலுக்கு வெளியில விட்டான். அடிக்கலை, திட்டலை. அதைச் சொல்லணும்ல? "தெளிஞ்ச பிறகு நாளைக்கு வா"ன்னு கையைக் காட்டிக் கதவைச் சாத்தினான். விட்ட இடத்துல இருந்து ஜெபத்தைத் தொடர்ந்தோம்.

பிறகுதாம்மா விசயம் தெரிஞ்சுது. பூரணம் நிறைமாசம். இடுப்புவலி கண்டு ரத்தமாப் போயிருக்கு. பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணி ஆம்புலன்ஸ் வந்துட்டு. வந்து கோயில்பிச்சை வேலிக்கு வெளியில நிக்கி. கேட்டுல பூட்டு. குளத்துக்கரை வழியாத் தூக்கிட்டு வரலாம்னா கரை கரைஞ்சு கெடக்கு. ஆசீர் கையைச் சுத்தினது ஆம்புலன்ஸ் விளக்காம். நமக்கு எப்படித் தெரியும், சொல்லு? ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தா நாங்க என்ன மனுசங்க இல்லையா?

எங்க வீட்டுல இருந்து அவன் நேரா ஓடினது யாருகிட்டன்னு நெனைக்க? தவமணிகிட்ட! அந்த நேரத்துக்கு அவரு எப்படி இருந்திருப்பாருன்னு நான் சொல்லணுமா? ஆனா கையைச் சுத்தினதும் அந்த ஆளுக்குப் புரிஞ்சிட்டாம். போதைக்காரன் பாஷை ஊமைக்குப் புரியும், ஊமை பாஷை போதைக்காரனுக்குப் புரியும் போல. வீட்டுல கெடந்த வெட்டரிவாளைத் தூக்கிக்கிட்டு மழையில வந்து, கம்பியை வெட்டுதேன்னு உள்ளங்கையைக் கிழிச்சு, வேட்டியைக் கம்பியில மாட்டிக் கிழிச்சு, வெறும் அன்ட்ராயரோட நின்னு வேலியைச் சாச்சுப் போட்டிருக்காரு. அதோட விட்டாரா? ஆம்புலன்ஸ் முன்னால நின்னு வா வா, லெஃப்ட்ல ஒடின்னு சைகை காட்டியிருக்காரு. கவர்னரு வண்டிக்கு வழிவிட்ட மாதிரி! டிரைவரு, பெரியவரே முதல்ல நீங்க ஓரமா நில்லுங்கன்னு கெஞ்சினாராம்.

வண்டி உள்ள போச்சு. பூரணத்தைத் தூத்துக்குடிக்குக் கொண்டு போனாவ. தாயும் பிள்ளையும் பிழைச்சுக்கிட்டாவ, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிழைச்சுக்கிட்டாவல்ல? பிறகு எம் மகன் மேல என்ன குத்தம்? நிச்சயதார்த்தம் நல்லபடியா நடந்துச்சு. ஆட்டுக்கறி நல்ல பதமா வெந்திருந்துச்சு.

ஆனா கோயில்பிச்சை விடலை. குடிபோதையில எங்க வேலியை வெட்டினவன் மேல போலீஸ்ல கேஸ் கொடுப்பேன்னு நின்னாரு. எம் மகன்தான் இரக்கம் பாத்து, போலீஸ் வேண்டாம் மாமா, சபையில நிறுத்தி மன்னிப்புக் கேக்க வைப்போம், திருவிருந்தை நிறுத்தி வைப்போம், ஊருக்கே ஒரு பாடமா இருக்கும்னான். நல்ல யோசனைதானே? மழை ஓய்ஞ்ச பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு ஊரே கோயில்ல உக்காந்திருக்கு. எம் மகன் எழுந்து பேசினான். தலைமைங்கிறது என்ன, நிதானங்கிறது என்ன, கேக்கக் கேக்க எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. கடைசியில, எங்க அம்மா அந்த வேத பாகத்தை வாசிப்பாங்கன்னு உக்காந்தான்.

நான் போய் வாசிச்சேன். அந்தப் பகுதி எனக்குப் பாக்காமலே வரும். கோடு போட்டது முடிஞ்சதும் புத்தகத்தை மூடினேன்.

எங்க ஊருக்கு ஒரு புது ஐயரு வந்திருக்காரு, மீசை கூட இன்னும் சரியா முளைக்கலை. அவரு சொல்லுதாரு, "அம்மா, இன்னும் கொஞ்சம் இருக்கு. தொடர்ந்து வாசிங்க"ன்னு. நான், இவ்வளவுதான் ஐயான்னேன். "இல்லைம்மா, அந்தத் தாயாரு இன்னும் பேசி முடிக்கலை. வாசிங்க."

திறந்து வாசிச்சேன். கோடு போடாத இடம், எழுத்து வேற பொடிசு. என்ன எழுதியிருக்கும்னு நெனைக்க? ஊமையனுக்காக நீ உன் வாயைத் திற, திக்கில்லாதவன் வழக்கைக் கேட்டு நியாயம் பண்ணு, அப்படின்னு அந்தத் தாயாரு சொல்லிட்டே போறா. எல்லாக் கண்ணும் பின்வரிசைப் பக்கம் திரும்புது. அங்க ஆசீர் உக்காந்திருக்கான், பக்கத்துல பூரணம், மடியில துண்டுல சுத்தின பிள்ளை.

வேணும்னே செஞ்சாரும்மா அந்த ஐயரு! நான் எத்தனையோ வருசமா வாசிக்கேன், ஒருத்தராவது மேல வாசின்னு சொல்லியிருக்காவளா?

பூரணம் எழுந்துட்டா. பச்சை உடம்புக்காரி, குரலே வரலை. ஆனாலும் சொன்னா. "எங்க வீட்டு ஆளு குடிச்சதே இல்லை. அன்னைக்கு நீங்க வாயைத் தொட்டுக் காட்டினியளாம். பேசச் சொல்லுதாவன்னு நெனைச்சிருக்காரு. எப்படியாச்சும் பேசிரணும்னு பாத்தாராம். வரலையாம்." அவ்வளவுதான், உக்காந்துட்டா.

எம் மகன் தலையைக் குனிஞ்சான்.

அதுக்கப்புறம் தவமணி எழுந்தாரு, கையில கட்டுப் போட்டுக்கிட்டு. மன்னிப்புக் கேப்பாருன்னு பாத்தா, "நான் குடிச்சிட்டுத்தான் அந்த வேலிக்குக் கையெழுத்துப் போட்டேன். குடிச்சிட்டுத்தான் வெட்டினேன். வெட்டினதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன், போட்டதுக்குக் கேக்கேன். ஆனா ஒண்ணு, இதைப் பாத்துட்டு என்னை மறுபடி தலைவராக்கிராதிய. அன்னைக்கு நான் கீழ விழாம வெட்டினது கர்த்தர் செயலு. அந்தம்மா வாசிச்ச முதல் பாதி எனக்குத்தான் எழுதியிருக்கு" அப்படின்னாரு. சொல்லிட்டு எம் மகனைப் பாத்தாரு. மிச்சப் பாதி யாருக்குன்னு அவரு சொல்லலை. சொல்லணுமா?

வீட்டுக்கு வந்தோம். சோத்தைப் போட்டு வச்சேன். தொடலை. "அம்மா, அன்னைக்கு வாடை அடிச்சதா?"ன்னு கேட்டான்.

"அடிச்சதுய்யா."

"என்ன வாடை?"

என்ன கேள்வி பாரு, பெத்த தாயைப் பாத்து! "ஆட்டு வாடை"ன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

எழுந்து போனான். மறுநாள் விடிஞ்சதும் கடப்பாரையைத் தோள்ல போட்டுக்கிட்டு வேலி இருந்த இடத்துக்குப் போயிருக்கான். தவமணி சாச்சது போக மிச்சக் கல்தூண் எல்லாத்தையும் பிடுங்குதான், பஞ்சாயத்துத் தலைவரு, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. எதிர்முனையில ஆசீர் நின்னு பிடுங்குதான். கோயில்பிச்சை கார்ல வந்து இறங்கி, மாப்பிள்ளை என்ன இதுன்னு கேட்டிருக்காரு. இவன் என்ன சொன்னான்னு தெரியுமா? "புழக்கத்துல உள்ள பாதை மாமா. நீங்களும் ஒரு கை பிடிங்க"ன்னானாம். அன்னைக்கே மோதிரம் திரும்பி வந்துட்டு. பல் டாக்டரும்மா! பல் டாக்டரு!

அதோட விட்டானா? வீட்டு நடையில நான் உக்காருற நாற்காலியை எடுத்து உள்ள போட்டுட்டான். இனிமே யாரும் ஊத வேண்டாம், வந்தவங்க முதல்ல பேசட்டும், குடிச்சவன்னா தெளிஞ்ச பிறகு நானே தேடிப் போய்க் கேப்பேங்கான். இப்ப நடையில கூட்டம் தாங்க முடியலை. அவ்வளவு குறையும் எங்கதான் இருந்துச்சோ! நான் காப்பி கலந்து கலந்து ஓஞ்சு போனேன். பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். போகாதன்னு தடுப்பான்னு நடையில கொஞ்ச நேரம் நின்னுகூடப் பாத்தேன். யாரோ ஒரு கிழவன் தண்ணிக்குழாயைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தான், இவன் குனிஞ்சு அதைக் கேட்டுக்கிட்டு இருந்தான். என்னைப் பாக்கவே இல்லை.

ஒரு சொட்டு வாயில வைக்காம வளத்தேன். குடிக்காமலே புத்தி மாறிட்டு பாரு. இதுக்கு என்ன மருந்து, சொல்லு.

சாத்தூர் வந்துட்டா? பாத்து இறங்கு, படி ஈரமா இருக்கும். என்ன கேட்ட? சத்தத்துல கேக்கலை. பூரணத்துக்கா? என்ன பிள்ளைன்னா?

ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா... துண்டுலல்லம்மா சுத்தியிருந்தா. தெரியலையே. நான் கேக்கலை.